இடித்துக் கட்டுதல்: கூடைப்பந்தில் எதிர்காலம் விற்பனைக்கு வந்த கதை

2016 ஏப்ரல் 6 அன்று ஃபிலடெல்ஃபியா செவன்டிசிக்ஸர்ஸ் அணியின் ஜெனரல் மேனேஜர் சாம் ஹிங்கி ராஜினாமா செய்தார். போகிறவர் சும்மா போகவில்லை. 13 பக்கத்திற்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார். ஆபிரகாம் லிங்கனின் கோடரி, வாரன் பஃபெட், அதுல் கவாண்டே, ஜெஃப் பெஸோஸ், நியூசிலாந்தில் அழிந்துபோன மோவா என்கிற பறக்காத பறவை என்று எல்லாமே அதில் வருகிறது. நீண்டகாலப் பார்வைதான் அந்தப் பிரதியின் மையம். அறையில் இருக்கிறவர்களிலேயே மிகத் தொலைவு பார்க்கிறவனாக இருக்க வேண்டும் என்கிறார். அந்தப் பருவம் முடிந்தபோது அவருடைய அணி 10 ஆட்டங்களில் வென்று 72 ஆட்டங்களில் தோற்றிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு 18 வெற்றி, அதற்கும் முந்தைய ஆண்டு 19. தோல்விக்குத் தத்துவம் எழுதிய மனிதர் என்று அவரைச் சொல்லலாம்.

இந்தக் கடிதம் யாரை விளித்து எழுதப்பட்டது என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. தோற்று விளையாடிய பையன்களுக்கு எழுதப்பட்டதல்ல. டிக்கெட் வாங்கி வந்து மூன்று வருஷம் தோல்வியைப் பார்த்துவிட்டுப் போன ஊர்க்காரர்களுக்கும் எழுதப்பட்டதல்ல. அணியின் பங்குதாரர்களுக்கு எழுதப்பட்டது. அவர்களில் முதன்மையானவர் ஜோஷுவா ஹாரிஸ், அப்போலோ என்ற பெரும் முதலீட்டு நிறுவனத்தை நிறுவியவர்களில் ஒருவர். 2011-ல் ஏறத்தாழ 280 மில்லியன் டாலருக்கு அந்த அணியை வாங்கியவர். ‘பொறுத்திருங்கள், நாளை வரும்’ என்கிற வாசகம் யாரிடம் சொல்லப்படுகிறது, யார் பெயரால் சொல்லப்படுகிறது, பொறுத்திருப்பவர் யார் என்ற மூன்று கேள்விகளும் வேறுவேறானவை. அரசியல் இயக்கங்களுக்குள் கொஞ்ச நாளாவது இருந்து பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. கூடைப்பந்துக்கு இந்தப் பத்திரிகையில் என்ன வேலை என்று கேட்கும் நண்பர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும்.

அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்தில், அதாவது என்.பி.ஏ.வில், ஜெனரல் மேனேஜர் என்பவர் பயிற்சியாளர் அல்ல. யாரை வாங்குவது, யாரை விற்பது, யாருக்கு எத்தனை வருஷம் எவ்வளவு சம்பளம் என்று முடிவு செய்கிறவர். அவருடைய வேலையைப் பற்றி விளையாட்டுப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் எல்லோரும் ஒரே தராசைத்தான் தூக்கிப் பிடிக்கிறார்கள். ஒரு தட்டில் இன்றைய வெற்றி, மறு தட்டில் நாளைய கட்டுமானம். நல்ல மேலாளர் இரண்டையும் சமன் செய்வாராம். கட்டுமானம் என்பதற்கு அவர்கள் பயன்படுத்தும் ஆங்கிலச் சொல்லை நம்முடைய பேச்சில் வைத்துச் சொல்வதென்றால் ‘இடித்துக் கட்டுதல்’ என்றுதான் சொல்ல வேண்டும். இடிக்கிற வீட்டுக்குள் ஆள் குடியிருந்தானே, அவன் எங்கே போனான் என்ற கேள்வியையும் நம் சொல்லே கூட்டிக்கொண்டு வந்துவிடுகிறது. தராசை நான் இப்போதைக்கு ஒதுக்கி வைக்கிறேன். நாளை என்பது தராசில் வைக்கக்கூடிய சரக்காக எப்போது ஆனது, யாருடைய நாளை அது என்று பார்ப்போம்.

*

சரக்கு பிறந்தது கூடைப்பந்தில் அல்ல, அமெரிக்கக் கால்பந்தில். தோற்றுக்கொண்டே இருந்த ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் 1935-ல் சக முதலாளிகளிடம் ஒரு யோசனை சொன்னார். கல்லூரியிலிருந்து வெளிவரும் ஆட்டக்காரர்களைப் பட்டியலிட்டு, கடைசி இடத்தில் இருக்கும் அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும், முதலிடத்தில் இருப்பது கடைசியாகத் தேர்ந்தெடுக்கட்டும் என்றார். 1936-ல் முதல் ‘டிராஃப்ட்’ நடந்தது. முதல் உரிமை அவருடைய அணிக்கே. தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஜே பெர்வாங்கர். ஈகிள்ஸ் அவர்மீதான உரிமையை சிகாகோ பேர்ஸுக்கு விற்றது. பெர்வாங்கரோ தொழில்முறை ஆட்டமே ஆடவில்லை. வேறு வேலைக்குப் போய்விட்டார். வரலாற்றின் முதல் தேர்வுரிமையே கைமாறியது, கைமாறிய சரக்கு வந்துசேரவேயில்லை. பிறகு வந்த எண்பது வருஷமும் இந்த ஒரு சம்பவத்துக்குள் அடங்கிக் கிடக்கிறது.

கூடைப்பந்து லீக் 1946-ல் தொடங்கியது. தொடங்கியவர்கள் பெரும்பாலும் பனிஹாக்கி அரங்குகளின் சொந்தக்காரர்கள். அரங்கு காலியாகக் கிடக்கிற இரவுகளை நிரப்ப ஏதாவது வேண்டியிருந்தது. 1947-லேயே அவர்களும் டிராஃப்டைக் கொண்டுவந்துவிட்டார்கள். 1949-ல் போட்டி லீக்கோடு இணைந்து என்.பி.ஏ. என்று பெயர் வைத்துக்கொண்டார்கள். இந்த ஏற்பாடு எப்போதும் சமத்துவத்தின் பெயரால்தான் நியாயப்படுத்தப்படுகிறது. இளைத்தவனுக்கு முதல் கை என்றால் கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சமத்துவம் முதலாளிகளுக்கிடையில். உழைப்பை விற்க வருகிற இருபத்திரண்டு வயதுப் பையனுக்கோ சந்தையில் ஒரே ஒரு வாங்குபவன். அவன் பெயரைக் கூப்பிட்ட அணியைத் தவிர வேறெந்த அணியும் அவனோடு பேச முடியாது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் அவனைப் பிடித்துவைக்க வேறு பிரிவுகள் இருந்தன.

1956-ல் பாஸ்டன் செல்டிக்ஸின் ரெட் அவர்பாக் செய்த பரிமாற்றத்தை இந்தத் துறையின் மூலபாடம் என்பார்கள். சான் ஃபிரான்சிஸ்கோ பல்கலைக்கழகத்தின் பில் ரஸ்ஸலை அவர் குறிவைத்தார். இரண்டாம் தேர்வுரிமை செயின்ட் லூயிஸ் ஹாக்ஸிடம் இருந்தது. நட்சத்திர ஆட்டக்காரர் எட் மெக்காலியையும் கிளிஃப் ஹேகனையும் கொடுத்து அந்த உரிமையை வாங்கினார். அந்த ஆண்டு மெல்போர்ன் ஒலிம்பிக்ஸ் முடிந்துதான் ரஸ்ஸல் வந்துசேர்ந்தார். அதுவரை பாஸ்டன் காத்திருந்தது. பிறகு 13 ஆண்டுகளில் 11 பட்டங்கள். தீர்க்கதரிசி, மேதை என்று அவர்பாக்கைப் பற்றிக் கதையாடல் பெருகிவிட்டது. எதிர்த்தரப்பு முட்டாள்தனம் செய்தது என்பது அதன் துணைக்கதை. அது சரியில்லை. மெக்காலி செயின்ட் லூயிஸ்காரர். அவருடைய குழந்தை மூளைக்காய்ச்சலில் கிடந்தது. ஊருக்குப் போக அவரே விரும்பினார். 1958-ல் ஹாக்ஸ் அதே மெக்காலியையும் ஹேகனையும் வைத்துக்கொண்டு பாஸ்டனையே வென்று பட்டம் வாங்கியது. செயின்ட் லூயிஸ் தேர்ந்தெடுத்திருந்தால் தான் என்.பி.ஏ.வுக்கே வந்திருக்கமாட்டேன் என்று ரஸ்ஸல் பின்னாளில் சொல்லியிருக்கிறார். அவ்வளவுக்கு அந்த ஊரின் நிறவெறி அவருக்குத் தெரிந்திருந்தது. மேலாளரின் மேதைமை என்று நாம் படிப்பதற்குள் ஒரு தகப்பனின் கவலையும் ஒரு கறுப்பு இளைஞனின் மறுப்பும் இருக்கின்றன. கணக்குப் புத்தகத்தில் இவை ஏறுவதில்லை.

அந்தப் பிடியை உடைத்தது மேலாளர்கள் அல்ல, ஆடியவர்கள். ஸ்பென்சர் ஹேவுட் மிசிசிப்பியில் பருத்தி எடுத்து வளர்ந்தவர். பள்ளி முடித்து நான்கு ஆண்டு ஆகாதவன் லீக்கில் ஆடக்கூடாது என்ற விதியை எதிர்த்து வழக்காடினார். 1971-ல் உச்சநீதிமன்றம் 7-க்கு 2 என்ற கணக்கில் அவர் பக்கம் நின்றது. அவரைச் சேர்த்துக்கொண்டு வம்பில் மாட்டிய அணி சியாட்டில் சூப்பர்சோனிக்ஸ். இந்தப் பெயரை வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். 1970-ல் ஆட்டக்காரர் சங்கத்தின் தலைவர் ஆஸ்கர் ராபர்ட்சன் பெயரில் போடப்பட்ட வழக்கு 1976-ல்தான் சமரசத்தில் முடிந்தது. 1988-ல் டாம் சேம்பர்ஸ் முழுச் சுதந்திரத்தோடு அணி மாறினார். ஒரு தொழிலாளி தன் ஒப்பந்தம் முடிந்ததும் பிடித்த இடத்துக்கு வேலைக்குப் போகலாம் என்ற எளிய விஷயத்துக்கு நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆனது.

முதலாளிகள் சும்மா இருப்பார்களா? 1984-85 பருவத்திலிருந்து சம்பள உச்சவரம்பு வந்தது. அணி ஒன்றுக்கு 3.6 மில்லியன் டாலர். (உச்சவரம்பு என்ற சொல்லை நாம் நிலத்தோடு சேர்த்தே கேட்டுப் பழகியிருக்கிறோம். அங்கே அது கூலிக்கு வைக்கப்பட்டது.) 1994-ல் கிளென் ராபின்சன் என்ற புதுமுகம் 10 ஆண்டுக்கு 68 மில்லியன் வாங்கினார். முதலாளிகளுக்குப் பொறுக்கவில்லை. 1995-ல் புதுமுகங்களுக்குச் சம்பள அட்டவணை போடப்பட்டது. எத்தனையாவதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டாயோ அதற்கேற்ற தொகை, மூன்று நான்கு வருஷத்துக்கு மாறாது. லீக்கிலேயே சிறந்த ஆட்டக்காரனாக ஆனாலும் அட்டவணைக் கூலிதான்.

இடித்துக் கட்டுவதன் பொருளாதாரம் முழுவதும் இந்த அட்டவணையில்தான் தங்கியிருக்கிறது. உச்சவரம்பு இருப்பதால் பணத்தைக் கொட்டி யாரும் ஜெயித்துவிட முடியாது. கொடுக்கிற கூலிக்கும் கிடைக்கிற உழைப்புக்கும் இடைவெளி எங்கே அதிகமோ அங்கேதான் வெற்றி. சந்தை விலையில் வாங்கிய முப்பது வயது நட்சத்திரத்திடம் அந்த இடைவெளி குறைவு. பத்தொன்பது வயதுப் புதுமுகத்திடம் அதிகம். மார்க்ஸ் உபரி என்றதை எம்.பி.ஏ. படித்த மேலாளர்கள் ‘மதிப்பு’ என்கிறார்கள். இளைஞர்களைச் சேர், பொறுமையாக வளர் என்கிற உபதேசம் பாசத்தில் வருவதல்ல. விலை கட்டிப்போடப்பட்ட உழைப்பு அங்கேதான் கிடைக்கிறது.

இன்னொரு விஷயமும் இங்கே சேர்கிறது. ஐரோப்பியக் கால்பந்து லீக்குகளில் கடைசி இடத்துக்குப் போனால் கீழ்ப்பிரிவுக்குத் தள்ளிவிடுவார்கள். என்.பி.ஏ.வில் அந்தப் பயம் கிடையாது. தொலைக்காட்சிப் பணம் எல்லோருக்கும் பங்கு. 2014-ல் கையெழுத்தான ஒப்பந்தம் ஒன்பது ஆண்டுகளுக்கு 24 பில்லியன் டாலர். 72 ஆட்டம் தோற்ற அணிக்கும் அதில் பங்கு உண்டு. தோற்றால் முதலாளிக்கு நஷ்டமில்லை என்பதோடு முதல் தேர்வுரிமை என்ற பரிசும் கிடைக்கிறது என்றால் எவன்தான் தோற்கமாட்டான்? லீக்குக்கு இது தெரியாமலில்லை. வேண்டுமென்றே தோற்கிறார்கள் என்ற சந்தேகம் முற்றியதால் 1985-ல் குலுக்கல் கொண்டுவந்தார்கள். முதல் குலுக்கலில் ஏழு உறைகள். அதன் பின்னும் நிற்கவில்லை. 1990-ல் கடைசி அணிகளுக்கு அதிக வாய்ப்பு கொடுத்தார்கள். 1993-ல் 66-ல் ஒரே ஒரு வாய்ப்பிருந்த ஆர்லாண்டோ ஜெயித்துவிட்டது. உடனே 1994-ல் கடைசி அணியின் வாய்ப்பை 25 சதவீதமாக ஏற்றினார்கள். 2019-ல் மறுபடி 14-ஆக இறக்கினார்கள். தோல்விக்குக் கொடுக்க வேண்டிய சரியான விலை என்ன என்று அவர்கள் தேடிய தேடலின் வரலாறு இது. 2018-ல் டல்லாஸ் முதலாளி மார்க் கியூபன், இப்போது தோற்பதுதான் நல்லது என்று தன் ஆட்டக்காரர்களிடம் சொன்னதாக வெளியில் பேசியதற்கு 6 லட்சம் டாலர் அபராதம் போட்டார்கள். செய்வதற்கு அபராதமில்லை, சொல்வதற்குத்தான் என்றே எனக்குப் பட்டது.

*

எதிர்காலத்தை வீணடித்தவர்களின் கதையும் உண்டு. 1980-ல் கிளீவ்லண்ட் அணியை வாங்கிய டெட் ஸ்டெபியன் தேர்வுரிமைகளை வரிசையாக விற்றுத் தீர்த்தார். அடுத்தடுத்த இரண்டு ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளை யாரும் விற்றுவிடக்கூடாது என்று லீக் விதி போடவேண்டி வந்தது. அந்த விதிக்கு இன்றும் அவர் பெயர்தான். முதலாளியை முதலாளியிடமிருந்தே காப்பாற்றும் விதி.

ஆனால் புத்திசாலிகளுக்கு மட்டும் எதிர்காலம் வசப்படுகிறதா என்ன? 1984-ல் அவர்பாக் ஜெரால்ட் ஹெண்டர்சனை சியாட்டிலுக்குக் கொடுத்து 1986-ன் தேர்வுரிமையை வாங்கி வைத்தார். 1986-ல் பாஸ்டன் பட்டமும் வென்றது, அந்த உரிமை இரண்டாம் இடமாகவும் கனிந்தது. இன்றும் ஜெயித்து நாளையையும் கையில் வைத்திருப்பது என்று மேலாளர்கள் காணும் கனவு அதைவிடக் கச்சிதமாக ஒருபோதும் கைகூடியதில்லை. ஜூன் 17 அன்று லென் பயஸ் என்ற மேரிலாண்ட் இளைஞரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஜூன் 19 அன்று கொகெய்ன் நஞ்சேறி அவர் இறந்துபோனார். வயது 22. அவரை ‘அணி இழந்த எதிர்காலம்’ என்றே இன்றுவரை எழுதிக்கொண்டிருக்கிறார்கள். ஒரு உடலுக்கு இரண்டு எதிர்காலங்கள் இருந்திருக்கின்றன: அவனுடையது ஒன்று, பாஸ்டனுடையது ஒன்று. இரண்டாவதற்குத்தான் விளையாட்டுப் பக்கங்களில் அதிகக் கண்ணீர்.

சிகாகோ புல்ஸின் ஜெர்ரி க்ராஸைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகப் பேச வேண்டும். 1985 முதல் 2003 வரை மேலாளர். வருகிறபோதே மைக்கேல் ஜோர்டன் அங்கே இருந்தார். மற்றதெல்லாம் க்ராஸ் கட்டியது. 1987-ல் யாரும் அதிகம் கேள்விப்பட்டிராத மத்திய ஆர்கன்சாஸ் கல்லூரியிலிருந்து ஸ்காட்டி பிப்பனைக் கண்டுபிடித்தார். 1990-ல் யூகோஸ்லாவியாவின் டோனி கூகோச்சைத் தேர்ந்தெடுத்து வைத்துக்கொண்டு வருஷக்கணக்கில் காத்திருந்தார். ஃபில் ஜாக்சனைப் பயிற்சியாளராக்கியதும் அவர்தான். ஆறு பட்டங்கள் வந்தன. மேலாளரின் கண் என்று ஒன்று உண்டென்றால் இவருக்கு இருந்தது. அதை மறுப்பது நேர்மையாகாது.

ஆனால் 1997-லேயே இடிப்பதற்கு முடிவு செய்துவிட்டார். வருகிற பருவம்தான் கடைசி, 82 ஆட்டங்களையும் ஜெயித்தாலும் உனக்கு வேலை இல்லை என்று ஜாக்சனிடம் சொன்னதாகப் பதிவு இருக்கிறது. காரணம் அவரளவில் தர்க்கமானது. 1998-ல் ஜோர்டனுக்கு 35 வயது, ராட்மேனுக்கு 37, பிப்பனுக்கு 32. ஜோர்டனின் ஒரு வருஷச் சம்பளம் மட்டும் 33 மில்லியனைத் தாண்டிவிட்டது. உடல்கள் தேயும், சம்பளங்கள் ஏறும். சரிவதற்கு முன்பே கலைத்துவிட வேண்டும் என்பது அவர் கணக்கு. கணக்கில் பிழையில்லை. அந்த ஆண்டும் ஜெயித்தார்கள். ஜெயித்த கையோடு கலைத்தார்கள். அடுத்த பருவம் கதவடைப்பால் 50 ஆட்டமாகச் சுருங்கியது. புல்ஸ் வென்றது 13. அதற்கடுத்து 17, அதற்கடுத்து 15. 1999-ல் முதலாவதாகத் தேர்ந்தெடுத்த எல்டன் பிராண்ட் நன்றாகவே ஆடினார். 2001-ல் அவரையும் விற்று, பள்ளிப் படிப்பு முடித்த கையோடு வந்த ஒரு பையனின் உரிமையை வாங்கினார்கள். கட்டியதையே மறுபடி இடித்துக் கட்டினார்கள். 2003-ல் க்ராஸ் விலகியபோது வீடு எழும்பவில்லை. ஆட்டக்காரர்களும் பயிற்சியாளர்களும் மட்டும் பட்டம் வெல்வதில்லை, நிறுவனம்தான் வெல்கிறது என்ற பொருளில் அவர் சொன்னது அவரைக் கடைசிவரை துரத்தியது. 2017-ல் இறந்துபோனார். 2024 ஜனவரியில் சிகாகோ அரங்கில் பழையவர்களைக் கௌரவிக்கும் விழாவில் அவர் பெயர் வாசிக்கப்பட்டபோது கூட்டம் கூச்சலிட்டது. அங்கே உட்கார்ந்திருந்த அவருடைய மனைவி அழுதார். அந்தக் கூச்சல் அருவருப்பானது. முடிவுக்கு முதலாளி ஜெர்ரி ரைன்ஸ்டார்ஃபும் பொறுப்பு. இருபத்தைந்து வருஷம் கழித்தும் வசவு வாங்குவது மேலாளர்தான். முதலாளிக்கு ஒரு கவசமாக இருப்பதும் அந்தப் பதவியின் வேலைகளில் ஒன்று.

பிப்பனின் ஒப்பந்தம்தான் இதில் என்னை அதிகம் யோசிக்க வைத்தது. ஆர்கன்சாஸில் ஒரு சிற்றூர், பன்னிரண்டு குழந்தைகள், காகித ஆலைத் தொழிலாளியான அப்பா பக்கவாதத்தில், ஒரு அண்ணன் சக்கர நாற்காலியில். 1991-ல் ஏழு வருஷத்துக்கு ஏறத்தாழ 18 மில்லியனுக்குக் கையெழுத்திட்டார். தன் மதிப்பு இதைவிடப் பலமடங்கு ஏறும் என்று அவருக்குத் தெரியாமலில்லை. நாளைக்குக் காலொடிந்தால் வீட்டுக்கு யார் சோறு போடுவது என்ற கேள்வி முன்னால் நின்றது. ஏறப்போகும் விலையை விட்டுக்கொடுத்து இன்றைய பாதுகாப்பை வாங்கினார். அவர் விட்டுக்கொடுத்த வித்தியாசத்தில்தான் மற்றவர்களுக்குச் சம்பளம் கொடுத்து அணி கட்டப்பட்டது. இன்றையும் நாளையையும் சமன் செய்வது மேலாளர் மட்டும் செய்கிற காரியமல்ல, ஆட்டக்காரனும் செய்கிறான். இவனுக்கு ஒரே ஒரு உடல், நாலைந்து வருஷத்தில் முடிந்துபோகக்கூடிய தொழில். அவர்களுக்கோ அள்ள அள்ள வரும் உடல்கள், முடிவில்லாத காலம். நீண்ட பார்வை என்பது அறிவின் குணம் என்று ஹிங்கி எழுதுகிறார். அது சொத்தின் குணம் என்பேன். காத்திருக்க வசதி உள்ளவனுக்குத்தான் தூரம் தெரிகிறது.

*

2013-ல் ஒரே கோடையில் இரண்டு முனைகளும் அம்பலமாயின. புரூக்ளின் நெட்ஸின் முதலாளி ரஷ்யக் கோடீஸ்வரர் மிகைல் புரோகொரோவ், ஐந்து வருஷத்துக்குள் பட்டம் என்று 2010-ல் வாக்குக் கொடுத்திருந்தார். மேலாளர் பில்லி கிங் அவசரத்தில் இருந்தார். பாஸ்டனிலிருந்து 37 வயது கெவின் கார்னெட்டையும் 35 வயது பால் பியர்ஸையும் வாங்கினார். விலையாக 2014, 2016, 2018 ஆகிய மூன்று ஆண்டுகளின் முதல் சுற்று உரிமைகளையும் 2017-ல் இடம் மாற்றிக்கொள்ளும் உரிமையையும் கொடுத்தார். நெட்ஸுக்குக் கிடைத்தது 2014-ல் ஒரே ஒரு சுற்று வெற்றி. பாஸ்டனின் டேனி எய்ன்ஜுக்குக் கிடைத்தது 2016-ல் ஜேலன் பிரவுன், 2017-ல் முதல் உரிமை. அதை ஃபிலடெல்ஃபியாவிடம் கைமாற்றி ஜேசன் டேட்டத்தைப் பிடித்தார். 2024-ல் இந்த இருவரையும் வைத்துத்தான் பாஸ்டன் பட்டம் வென்றது. பாஸ்டன் தேர்ந்த அணி, புரூக்ளின் ஏமாந்த அணி என்று பாடம் நடத்துகிறார்கள்.

அந்தப் பாடத்தில் ஐசயா தாமஸுக்கு இடமில்லை. 1.75 மீட்டர் உயரமே உள்ளவர்; 2011-ல் அறுபதாவதாக, அதாவது கடைசியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். நாலு வருஷத்துக்கு 27 மில்லியன் என்ற, அந்த உலகத்தில் மலிவான ஒப்பந்தத்தில் பாஸ்டனுக்கு வந்தார். எய்ன்ஜ் நாளைக்காகச் சேமித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் இன்றைத் தூக்கிப் பிடித்தது இவர். 2016-17-ல் ஆட்டத்துக்கு 28.9 புள்ளி. 2017 ஏப்ரல் 15 அன்று அவருடைய தங்கை கார் விபத்தில் இறந்துபோனார். மறுநாள் தாமஸ் ஆடினார். இடுப்புக் காயத்தோடு ஆடி அரையிறுதிக்குக் கொண்டுபோனார். ஆகஸ்டில் அவரை கிளீவ்லண்டுக்கு விற்றுவிட்டார்கள். அவரோடு அதே கட்டில் போனது புரூக்ளினின் 2018 உரிமை. இடுப்பு தேறவில்லை. அடுத்த வருஷம் டென்வரில் குறைந்தபட்சச் சம்பளத்துக்குச் சேர்ந்தார். எய்ன்ஜ் செய்தது சரியா தவறா என்று கேட்டால், அவர் வேலைப்படி சரி. அந்த வேலையைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம்.

அதே கோடையில் ஃபிலடெல்ஃபியாவுக்கு வந்தவர் ஹிங்கி. பெய்ன் என்ற ஆலோசனை நிறுவனத்தில் இருந்தவர், ஸ்டான்ஃபோர்டில் எம்.பி.ஏ. வந்ததும் 23 வயது நட்சத்திரம் ஜ்ரூ ஹாலிடேயை விற்று, முழங்கால் காயத்தில் படுத்திருந்த நெர்லன்ஸ் நோயலையும் ஒரு வருங்கால உரிமையையும் வாங்கினார். 2014-ல் கால் எலும்பு முறிந்திருந்த கேமரூன் இளைஞர் ஜோயல் எம்பீடைத் தேர்ந்தெடுத்தார். எம்பீட் இரண்டு வருஷம் ஆடவேயில்லை. ஆடவேண்டியவர்கள் யாரோ சில மலிவுப் பையன்கள். 2013-14-ல் தொடர்ச்சியாக 26 தோல்வி. இரண்டாம் சுற்றில் எடுத்த இளைஞர்களுக்கு நான்கு வருஷ ஒப்பந்தம் நீட்டினார். சம்பளம் குறைவு, முழுத்தொகைக்கு உத்தரவாதமில்லை. அணிக்குப் பிடித்தால் நாலு வருஷம் மலிவாக வைத்துக்கொள்ளலாம், பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம். கே.ஜே. மெக்டேனியல்ஸ் என்ற பையன் மட்டும் கையெழுத்துப் போட மறுத்தார். ஒரு வருஷத்துக்குக் குறைந்தபட்சச் சம்பளம் போதும் என்றார். ஆடிக்காட்டினார். பருவத்தின் பாதியில் அவரை ஹூஸ்டனுக்கு விற்றார்கள்; ஹூஸ்டன் மூன்று வருஷத்துக்கு 10 மில்லியன் கொடுத்தது. ஹிங்கியைப் பற்றிய புராணங்களில் இந்தப் பெயர் ஓரத்தில்கூட வருவதில்லை. எனக்கு அந்த மூன்று வருஷத்தில் பிடித்த ஒரே செயல் இதுதான்.

இதில் ஒரு விநோதம் உண்டு. ஃபிலடெல்ஃபியாவின் ரசிகர்களில் ஒரு பகுதியினர் இந்தத் தோல்வித் திட்டத்தைத் தங்கள் கொள்கையாக எடுத்துக்கொண்டார்கள். ‘பிராசஸை நம்பு’ என்று கோஷம் போட்டார்கள். கோஷத்தின் பெயரையே எம்பீட் தன் பட்டப்பெயராக வைத்துக்கொண்டார். இழப்பவர்களே இழப்பின் சொல்லாடலை ஏந்தி நடப்பது எப்படி நேர்கிறது? ஏமாந்தார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. நடுத்தர அணியாகவே பல வருஷம் ஓட்டிக்கொண்டிருந்த சலிப்பு அவர்களுக்கு இருந்தது; ஒரு திட்டம் இருக்கிறது என்பதே ஆறுதலாக இருந்திருக்கும். 1920-களில் பிரியோபிரஷென்ஸ்கி விவசாயிகளிடமிருந்து உபரியைத் திரட்டித் தொழில்மயத்துக்கு மாற்றுவது பற்றி எழுதியபோதும், திட்டத்தின் அறிவியல் தோற்றம் பலரை ஈர்த்தது. புகாரின் அதை எதிர்த்தார். இருவரையுமே 1930-களில் சுட்டுக்கொன்றார்கள். ஒப்பீடு கொஞ்சம் அதிகப்படிதான். பந்தாட்டத்தில் யாரும் சாகவில்லை. ஆனால் தியாகம் கேட்பவனும் தியாகம் செய்பவனும் வேறுவேறு ஆளாக இருக்கும் அமைப்பு ஒன்றேதான்.

வால்டர் பெஞ்சமின் 1940-ல் எழுதிய வரலாற்றுத் தத்துவக் குறிப்புகளில் சமூக ஜனநாயகவாதிகளை ஓரிடத்தில் கடுமையாகச் சாடுகிறார். வருங்காலத் தலைமுறைகளின் மீட்பர் என்ற பாத்திரத்தைத் தொழிலாளி வர்க்கத்துக்குக் கொடுத்ததன்மூலம் அதன் மிகப்பெரிய பலத்தையே நரம்பறுத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். கோபமும் தியாக உணர்வும் அடிமைப்பட்டுக் கிடந்த முன்னோரின் நினைவிலிருந்து ஊறுகின்றனவே தவிர, விடுதலைபெறப்போகும் பேரப்பிள்ளைகளின் படத்திலிருந்து அல்ல என்கிறார். இதை ஆட்டக்காரர்களின் பக்கம் பொருத்திப் பார்க்கலாம். ராபர்ட்சனும் ஹேவுட்டும் வழக்காடியது நாளைய பட்டத்துக்காக அல்ல. முன்பு கட்டிப்போடப்பட்டவர்களின் நினைவு அவர்களிடம் இருந்தது. ஆனால் அவர்கள் வென்ற சுதந்திரத்தை அனுபவித்தவர்கள் பின்னால் வந்தவர்கள். எனவே நாளைக்கென்று செய்யப்படும் எல்லாமே மோசடி என்று நான் சொல்ல வரவில்லை. தன் காலத்தைத் தானே கொடுப்பதற்கும் அடுத்தவன் காலத்தை எடுத்துக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசத்தைச் சொல்கிறேன்.

ஹிங்கியின் நாளை வந்ததா? எம்பீட் 2023-ல் லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 2018 முதல் 2024 வரை அணி ஒவ்வொரு ஆண்டும் பிளேஆஃபுக்குப் போனது; இரண்டாம் சுற்றை ஒருமுறைகூடத் தாண்டவில்லை.

*

இடித்துக் கட்டுவதில் வென்றவர் என்று இப்போது எல்லோரும் காட்டுவது ஓக்லஹோமா சிட்டி தண்டர் அணியின் சாம் பிரெஸ்டியை. 2019-ல் பால் ஜார்ஜை லாஸ் ஏஞ்சலிஸ் கிளிப்பர்ஸுக்குக் கொடுத்து ஷாய் கில்ஜியஸ்-அலெக்ஸாண்டரையும் ஐந்து முதல் சுற்று உரிமைகளையும் வாங்கினார். அதில் ஒன்று 2022-ல் ஜேலன் வில்லியம்ஸாக வந்தது. நடுவில் 2020-21-ல் 22 வெற்றி, 50 தோல்வி. 2021 டிசம்பரில் மெம்ஃபிஸிடம் 73 புள்ளி வித்தியாசத்தில் தோல்வி. ஆடத் திடகாத்திரமாக இருந்த அல் ஹார்ஃபோர்டை 2021-ல் பருவத்தின் கடைசிப் பகுதிக்கு வீட்டுக்கு அனுப்பிவைத்தார்கள். 2025-ல் இண்டியானாவை ஏழு ஆட்டங்களில் வென்று பட்டம் வாங்கினார்கள்.

பிரெஸ்டி இந்த அணிக்கு மேலாளராக வந்தது 2007-ல். அப்போது அணி ஓக்லஹோமாவில் இல்லை, சியாட்டிலில் இருந்தது. ஹேவுட்டுக்காக வழக்கில் நின்ற அதே சூப்பர்சோனிக்ஸ். 1979-ல் பட்டம் வென்ற அணி. ஓக்லஹோமாக்காரர்கள் 2006-ல் அதை வாங்கியிருந்தார்கள். பிரெஸ்டி வந்த முதல் மாதங்களிலேயே ரே ஆலனை பாஸ்டனுக்கு விற்றார், ரஷார்ட் லூயிஸை ஆர்லாண்டோவுக்கு அனுப்பினார். இளைஞர் கெவின் டுரான்ட்டைத் தேர்ந்தெடுத்தார். பொறுத்திருங்கள் என்று ஊருக்குச் சொல்லப்பட்டது. 2007-08 பருவத்தில் சியாட்டில் 20 ஆட்டம் வென்று 62 தோற்றது. ரே ஆலன் அந்த வருஷம் பாஸ்டனில் பட்டம் வென்றார். கடைசி உள்ளூர் ஆட்டம் ஏப்ரலில் டல்லாஸோடு நடந்தது. அணியைக் காப்பாற்றுங்கள் என்று அரங்கம் முழுக்கக் கத்தினார்கள். அன்று சியாட்டில் ஜெயித்தது. ஜூலையில் உரிமையாளர்களுக்கும் நகராட்சிக்கும் 45 மில்லியன் டாலரில் சமரசம் ஆனது. அணியும் டுரான்ட்டும் அந்த வருஷம் கையில் வைத்திருந்த தேர்வுரிமைகளும் ஓக்லஹோமாவுக்குப் போயின. தோற்ற ஆட்டங்களுக்கு டிக்கெட் வாங்கியவர்கள் சியாட்டிலிலேயே இருந்துவிட்டார்கள்.